குப்பை அறைக்குப் பக்கத்தில் ஒரு முக்கோண இடம்

2021 அக்டோபரில் எங்கள் குடியிருப்பின் ஆண்டுக் கூட்டத்தில் நானும் கை தூக்கினேன். "வளாகத்தின் எந்தப் பொது இடத்திலும், வீடுகளுக்கு ஒதுக்கிய நிறுத்துமிடங்களிலும், மோட்டார் சைக்கிள் நிறுத்தக் கூடாது." தீர்மானம் இவ்வளவுதான். படித்து, முன்மொழிந்து, வழிமொழிந்து, கைகளை எண்ணி முடிக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அதன்பிறகு தோட்டக்காரரின் சம்பள உயர்வைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம்.

அந்த ஒற்றை வரியை நீக்குவதற்கு நான் ஏறக்குறைய ஒரு வருடம் அலைந்தேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே எங்கள் பகுதியில் மதில் சூழ்ந்த குடியிருப்புகள் பெருகிக்கொண்டே போகின்றன. அவற்றை நிர்வகிக்கும் டிரஸ்டிகளாக உட்காரும் நம்மவர்களும் பெருகுகிறார்கள். இன்றோ நாளையோ அவர்கள் மேசைக்கும் இதே வரி வரும். வரும்போது அவர்கள் என்னைவிடக் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது முப்பத்தாறு வீடுகள் கொண்ட காம்ப்ளெக்ஸ். ஒரு பக்கம் ஃபீனிக்ஸ், மறுபக்கம் மவுண்ட் எட்ஜ்கூம். செக்ஷனல் டைட்டில் முறையில் வாங்கிய வீடுகள். அதாவது சுவரின் நடுக்கோடு வரை வீடு நமக்குச் சொந்தம். அதற்கு அப்பால் இருக்கும் பாதை, புல்தரை, மதில், கேட் எல்லாம் எல்லோருக்கும் பொது. வீடு வாங்கிய நாளிலேயே பாடி கார்ப்பரேட்டில், அதாவது எல்லா உரிமையாளர்களும் சேர்ந்த அமைப்பில், நாமும் உறுப்பினர் ஆகிவிடுகிறோம், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். நான் ஒரு துணிக் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் கணக்கு எழுதியவள். அதனால் ஓய்வு பெற்ற வருடமே என்னை டிரஸ்டியாக்கி, வீடுகளிடம் வாங்கும் மாதப் பராமரிப்புப் பணமான லெவியின் கணக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அந்த அக்டோபரில் ஏன் கை தூக்கினேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்களில் யாரும் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்யவில்லை. பயந்துபோய்ச் செய்தோம். மூன்று மாதத்துக்கு முன்புதான், 2021 ஜூலையில், எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டால் கலவரத்தில் பற்றி எரிந்தது. கடைகள் சூறையாடப்பட்டன. ரொட்டிக்கும் பாலுக்கும் விடியற்காலையில் வரிசையில் நின்றோம். ஃபீனிக்ஸ் சாலைகளில் மறியல்கள் எழுந்தன, உயிர்கள் போயின. அந்த நாட்களில் நடந்தவற்றின் துயரமும் வெட்கமும் இந்த ஊரை இன்னும் விட்டுப் போகவில்லை. எங்கள் கேட்டில் ஆண்கள் முறை வைத்து இரவெல்லாம் விழித்திருந்தார்கள். அப்படி ஓர் இரவில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் கேட் வரை வந்தன. விளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் நின்றன. பிறகு திரும்பிப் போய்விட்டன. வந்தது யார், எதற்கு என்று எவருக்கும் தெரியாது. தலைக்கவசம் முகத்தை மறைத்திருந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த இரவு எங்களுக்குள் தங்கிவிட்டது.

அதற்கு முன்பே புகார்கள் இருந்ததும் உண்மை. வாடகைக்கு இருந்த ஓர் இளைஞர் சைலன்சரை மாற்றி வைத்துக்கொண்டு அதிகாலை நாலே முக்காலுக்கு வண்டியைக் கிளப்புவார். கைக்குழந்தை இருந்த வீடுகள் அழும். அவருடைய வண்டி ஒரு பிப்ரவரி மத்தியானம் வெயிலில் இளகிய தாரில் சைடு ஸ்டாண்டு புதைந்து, பக்கத்துக் காரின் கதவைக் கீறிக்கொண்டு சாய்ந்தது. இன்னொருவர் மழைக்குப் பயந்து தன் வண்டியை மாடிப்படியின் அடியில் நிறுத்துவார். தீப்பிடித்தால் மக்கள் ஓடி இறங்க வேண்டிய வழி அது. இவை எல்லாம் நியாயமான புகார்கள். இன்றும் நான் அவற்றை நியாயமென்றே சொல்வேன். ஆனால் அன்று மேசையில் நாங்கள் இந்தப் புகார்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசவில்லை. சத்தம், எண்ணெய், படிக்கட்டு, பயம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அதன்மேல் "மோட்டார் சைக்கிள்" என்று எழுதிவிட்டோம்.

2023 ஜனவரியில் என் தம்பி மகன் என்னுடன் தங்க வந்தான். ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை. காலை ஆறு மணிக்கு முறை தொடங்கும். மினிபஸ் டாக்ஸியில் போவதென்றால் இரண்டு இடத்தில் மாற வேண்டும், அதுவும் அந்த நேரத்துக்கு நம்பிப் போக முடியாது. முந்தைய வருடம் ஜூலையில் பெட்ரோல் லிட்டர் 26 ராண்டைத் தாண்டியபோதே கார் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு 150 சிசி வண்டி ஒன்றை வாங்கியிருந்தான். சத்தமில்லாத வண்டி. சங்கிலிக்கு எண்ணெய் விடும்போது கீழே அட்டை விரிக்கும் பையன்.

வந்த அன்று மாலையே கேட்காவலர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "அம்மா, நீங்களே டிரஸ்டி. நான் என்ன செய்வது?" என்று கேட்டார். விதி விதிதான் என்று நான் சொன்னேன். என் வீட்டுக்கு ஒரே ஒரு நிறுத்துமிடம். அதில் என் சிறிய கார் நிற்கிறது. பையன் ஒன்றும் பேசாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டுக்கு வெளியே, தெருவிளக்கின் கீழ் நிறுத்தினான். இரண்டு வாரம் கழித்து, ஒரு மழை இரவில், உள்ளே என் காருக்குப் பின்னால் ஒட்டி நிறுத்தினான். மறுநாள் 500 ராண்ட் அபராதம் வந்தது. இன்னும் இரண்டு மழை இரவுகள், இன்னும் இரண்டு அபராதங்கள். அந்த மாத லெவிக் கணக்கில் என் கையாலேயே 1,500 ராண்டை என் வீட்டின் பெயரில் எழுதினேன். அவன் தரப்பை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரலில் ஓர் இரவு யாரோ வண்டியின் ஹேண்டில் பூட்டை உடைத்தார்கள். என்ஜின் கிளம்பாததால் இருநூறு மீட்டர் தள்ளிக்கொண்டு போய்ச் சாக்கடையில் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். பழுது பார்க்க 4,800 ராண்ட் ஆனது. காப்பீட்டு நிறுவனம் கொடுக்கவில்லை. ஒப்பந்தத்தில் இருந்த நிபந்தனை, இரவில் வண்டி பூட்டிய கேட்டுக்குள் நிற்க வேண்டும் என்பது. பூட்டிய கேட்டுக்குள் நிறுத்தினால் நாங்கள் அபராதம் போடுகிறோம், வெளியே நிறுத்தினால் அவர்கள் பணம் தர மறுக்கிறார்கள். பையன் அந்தக் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "அத்தை, நான் எங்கே நிறுத்தட்டும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றான். அவன் கோபமாகக் கேட்டிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அன்றிரவுதான் முதல்முறையாகச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். இரண்டு வருடம் டிரஸ்டியாக இருந்தவள் அதுவரை படிக்கவில்லை என்பதை மறைக்க மாட்டேன்.

தென்னாப்பிரிக்காவில் எங்களைப் போன்ற குடியிருப்புகளை ஆள்வது 2011ஆம் ஆண்டின் எட்டாம் இலக்கச் சட்டம், செக்ஷனல் டைட்டில் திட்டங்களின் நிர்வாகச் சட்டம். அதே ஆண்டின் ஒன்பதாம் இலக்கச் சட்டம் இத்தகைய குடியிருப்புகளின் தகராறுகளைத் தீர்க்கும் ஓர் ஒம்பட் சேவையை உருவாக்கியது. இங்கே எல்லோரும் சி.எஸ்.ஓ.எஸ். என்று சொல்வது அதைத்தான். இரண்டுமே நடைமுறைக்கு வந்தது 2016 அக்டோபர் 7ஆம் தேதி. விதிகளைப் பற்றிய பத்தாம் பிரிவில் ஒரு வாக்கியம் இருக்கிறது: விதிகள் நியாயமானவையாக இருக்க வேண்டும், எல்லா உரிமையாளர்களுக்கும் சமமாகப் பொருந்த வேண்டும். அந்த வாக்கியத்துக்கு முன்னால் என் பேனா நின்றுவிட்டது. முப்பத்தாறு வீடுகளுக்கும் ஒரே விதி என்றால் சமம்தானே என்று ஒரு மனம் சொன்னது. கார் வைத்திருப்பவருக்கு அந்த விதியால் ஒரு சுமையும் இல்லை, பைக் வைத்திருப்பவர் மட்டும் தன் நிறுத்துமிடத்தையே இழக்கிறார், இது என்ன சமம் என்று இன்னொரு மனம் கேட்டது.

சட்டத்தோடு வரும் மாதிரி நடத்தை விதிகள் எட்டே எட்டுதான். மூன்றாவது விதி வண்டிகளுக்கு உரியது. டிரஸ்டிகளின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல், அவசர நேரம் தவிர, ஒதுக்கிய இடத்திலோ விருந்தினர் இடத்திலோ அன்றிப் பொது இடத்தில் வேறெங்கும் வண்டி நிறுத்தக் கூடாது என்கிறது. அனுமதி கொடுத்தால் எவ்வளவு காலத்துக்கு என்று அதில் குறிப்பிட வேண்டும். "வண்டி" என்றுதான் சொல்கிறதே தவிர எத்தனை சக்கரம் என்று கேட்கவில்லை. இதற்கு முந்தைய பழைய மாதிரி விதிகளையும் தேடிப் படித்தேன். அங்கே இன்னும் அழகாக இருந்தது: வண்டியிலிருந்து எண்ணெயோ பிரேக் திரவமோ பொது இடத்தில் சொட்டக் கூடாது, வண்டியைப் பிரித்துப் பெரிய பழுது பார்க்கக் கூடாது. எண்ணெய் சொட்டுவதுதான் குற்றம். காரிலிருந்து சொட்டினாலும் பைக்கிலிருந்து சொட்டினாலும் கறை ஒன்றுதான். எங்கள் வளாகத்தில் ஆகப் பெரிய எண்ணெய்க் கறை பேக்கி என்று நாங்கள் சொல்லும் பத்து வருடப் பழைய ஒரு சிறு சரக்கு வண்டியின் அடியில் இருக்கிறது. அதன் உரிமையாளர் எங்கள் தலைவர்.

கூட்டத்தில் ஒருவர், பெட்ரோல் டாங்கி வெயிலில் வெடிக்கும், அது தீ ஆபத்து என்று சொல்லியிருந்தார். ஆறாவது மாதிரி விதி தீப்பற்றும் பொருட்களைப் பற்றியது. வண்டியின் டாங்கியில் இருக்கும் எரிபொருளுக்கு அது பொருந்தாது என்று அங்கேயே எழுதியிருக்கிறது.

பிறகுதான் கணக்கெழுதியவளின் பழக்கம் கைகொடுத்தது. எந்தச் செலவுக்கும் ரசீது கேட்பவள், இந்த விதியின் ரசீது எங்கே என்று தேடினேன். நடத்தை விதியைச் சேர்க்கவோ மாற்றவோ சிறப்புத் தீர்மானம் வேண்டும். கூட்டத்துக்கு முப்பது நாள் முன்னதாக எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். வந்திருப்பவர்களின் வாக்கில், தலைக்கணக்கிலும், வீட்டின் பரப்பளவுக்கு ஏற்ற மதிப்புக் கணக்கிலும், எழுபத்தைந்து சதவீதம் ஆதரிக்க வேண்டும். நிறைவேறிய பிறகு அதைச் சி.எஸ்.ஓ.எஸ்.க்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து சான்றிதழ் வந்தால்தான் விதி உயிர் பெறும். கோப்பை மூன்று முறை புரட்டினேன். சான்றிதழ் இல்லை. நிர்வாக முகவரிடம் கேட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது: அனுப்பவே இல்லை.

உயிரே இல்லாத விதிக்காக என் தம்பி மகன் இரண்டரை மாதம் தெருவிளக்கின் கீழ் வண்டியை நிறுத்தியிருக்கிறான்.

அடுத்த டிரஸ்டிகள் கூட்டத்தில் சான்றிதழ் இல்லாததைச் சொன்னேன். இதில் என் வீட்டுக்கு நேரடி லாப நட்டம் இருப்பதையும் சொல்லி, பதிவேட்டில் எழுதச் செய்துவிட்டு, வெளியே போய் நின்றேன். டிரஸ்டி தன் சொந்த நலன் கலந்த விஷயத்தை மறைக்கக் கூடாது. இதைச் சின்னக் குடியிருப்புகளில் யாரும் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தாததால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன. அரை மணி நேரம் கழித்து உள்ளே அழைத்தார்கள். அபராதம் 1,500 ராண்டைத் திருப்பி வரவு வைப்பது என்றும், மூன்று மாதத்துக்கு எழுத்து மூலம் அனுமதி கொடுப்பது என்றும் முடிவாகியிருந்தது. இடம் எங்கே என்பதை நானே பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பையனும் நானும் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினோம். எங்கள் நிறுத்துமிடங்கள் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். அவன் வண்டி நீளத்தில் இரண்டு மீட்டர், ஹேண்டில் அகலம் முக்கால் மீட்டர். ஒரு காரின் இடத்தில் மூன்று வண்டிகள் தாராளமாக நிற்கும். ஆனால் உபரியாக ஒரு காரின் இடம் எங்களிடம் இல்லை. வளாகத்தை இரண்டு சுற்றுச் சுற்றினோம். குப்பை அறைக்குப் பக்கத்தில், மதில் வளைந்து திரும்பும் மூலையில், ஒரு முக்கோணம். ஒரு பக்கம் நாலு மீட்டர், மறுபக்கம் மூன்றே கால். கார் நுழையாது. பதினைந்து வருடமாக உடைந்த பூந்தொட்டிகளும் யாரோ விட்டுப்போன ஒரு மரக் கட்டிலும் கிடந்தன. சாய்வாக நிறுத்தினால் மூன்று வண்டிகள் நிற்கும் என்று பையன் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டினான். எந்தப் படுக்கையறை ஜன்னலும் அந்த மூலையைப் பார்த்துத் திறக்கவில்லை என்பதை நான் தனியாகப் போய்ப் பார்த்துக்கொண்டேன். தார் இளகும் பிரச்சினைக்குச் சிமெண்ட் பட்டை ஒன்று போட்டு, அதிலேயே சங்கிலி பூட்டுவதற்கு இரும்பு வளையம் பதிக்கலாம். செலவைப் பைக் வைத்திருப்பவர்களே பகிர்ந்துகொள்வார்கள். இவ்வளவு நாளாக எங்களுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு டேப்தான்.

இதற்கிடையில் ஓர் உறவினர், "நீ ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறாய்? மவுண்ட் எட்ஜ்கூம் வழக்கில் தீர்ப்பே வந்துவிட்டதே, சங்கம் எந்த விதியும் போடலாம்" என்றார். பலருக்கும் இருக்கும் குழப்பம் இது. அங்கே கோல்ஃப் எஸ்டேட் ஒன்றில் வேகக் கட்டுப்பாடு நாற்பது. வீட்டுக்காரர் ஒருவரின் குடும்பத்துக்கு வேக அபராதம் விழுந்தது. சாலையைக் கட்டுப்படுத்துவது அரசின் வேலை, சங்கத்தின் வேலையல்ல என்று அவர் வழக்காடினார். 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2019 மார்ச்சில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: எஸ்டேட்டின் சாலைகள் தனியார் சாலைகள், வீடு வாங்கும்போதே அந்த விதிகளுக்கு உடன்பட்டுத்தான் வாங்குகிறார்கள், அது ஒப்பந்தம். அந்தத் தீர்ப்பு வீட்டு உரிமையாளர் சங்கங்களைப் பற்றியது. எங்களைப் போன்ற செக்ஷனல் டைட்டில் குடியிருப்புகளுக்கு மேலே சொன்ன பத்தாம் பிரிவு தனியாக இருக்கிறது. அதே சமயம், எஸ்டேட்டில் வீடு வாங்கப் போகிறவர்கள், பைக் வைத்திருந்தால், கையெழுத்துப் போடும் முன் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கையெழுத்துக்குப் பிறகு வாதம் மெலிந்துவிடும். இரண்டு வகைக்காரர்களும் சி.எஸ்.ஓ.எஸ்.இடம் போகலாம். முதலில் சமரசப் பேச்சு, அது முறிந்தால் விசாரணை. ஒரு விதி எல்லோருடைய நலனையும் பார்க்கும்போது நியாயமற்றது என்று அறிவிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது.

அந்த வழக்கில் இன்னொரு விஷயமும் பேசப்பட்டது. வீட்டு வேலைக்கு வருவோர் எஸ்டேட் சாலைகளில் நடந்து போகக் கூடாது என்ற விதி. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. என் தாத்தா மவுண்ட் எட்ஜ்கூம் கரும்புத் தோட்டத்து லயனில் பிறந்தவர். நான் பிறந்ததும் அங்கேதான். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பில் கற்ற தமிழ்தான் இப்போது எழுதும் இந்தத் தமிழ். தாத்தாவின் அப்பா ஒப்பந்தக் கூலியாக வந்தவர். ஒப்பந்தக் கூலி எஸ்டேட்டை விட்டு வெளியே போக முதலாளியின் கையெழுத்துச் சீட்டு வேண்டும், சீட்டில்லாமல் பிடிபட்டால் தண்டனை. கரும்பு நின்ற அதே மண்ணில் இன்று கேட் வைத்த எஸ்டேட்டுகள் நிற்கின்றன. யார், எதில் வரலாம், எங்கே நடக்கலாம், எங்கே நிற்கலாம் என்று அங்கே இன்றும் விதி எழுதப்படுகிறது. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. வீடு வாங்குகிறவர் விரும்பி வாங்குகிறார், கூலிக்கு அந்த விருப்பம் இல்லை. ஆனாலும் விதி எழுதும் இடத்தில் உட்காரும்போது என் போன்ற குடும்பத்துப் பெண்ணுக்கு அந்தச் சீட்டு நினைவில் இருக்க வேண்டும். 2021 அக்டோபரில் எனக்கு அது நினைவில் இல்லை.

புதிய விதியை எழுதுவதற்கு ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். ஒரு கட்டுப்பாட்டை எனக்கே விதித்துக்கொண்டேன்: எந்தச் செயல் பக்கத்து வீட்டைத் துன்புறுத்துகிறதோ அந்தச் செயலின் பெயரைத்தான் எழுத வேண்டும். இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை எந்த வண்டியையும் நிறுத்திய இடத்தில் உறும விடக் கூடாது, கிளம்ப வேண்டுமென்றால் கிளப்பி உடனே போய்விட வேண்டும். எந்த வண்டியிலிருந்தும் எண்ணெய் சொட்டக் கூடாது, சொட்டினால் ஏழு நாளில் உரிமையாளர் சுத்தம் செய்ய வேண்டும். மாடிப்படி, நடைபாதை, தீயணைப்புக் குழாய் முன்னால் எதுவும் நிற்கக் கூடாது, குழந்தை வண்டிகூட. அபராதத்துக்கு முன் எழுத்து மூலம் எச்சரிக்கையும், பதில் சொல்ல வாய்ப்பும் கொடுக்க வேண்டும். கடைசியாக, பொருள் கொண்டுவரும் டெலிவரிக்காரர்கள் கேட்டுக்குள் காவலர் கூரையின் நிழலில் பதினைந்து நிமிடம் வண்டி நிறுத்தலாம்.

இந்தக் கடைசி வரியை நீக்கச் சொல்லிப் பலர் வற்புறுத்தினார்கள். நான் அசையவில்லை. 2020 ஊரடங்கிலிருந்து எங்கள் முப்பத்தாறு வீடுகளும் இந்தப் பையன்கள் கொண்டுவருவதைத்தான் சாப்பிடுகின்றன. அவர்கள் வெளியே சாலையோரம் வண்டியை விட்டுவிட்டு, வண்டி போய்விடுமோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மழையில் நடந்து வருவதை என் சமையலறை ஜன்னலிலிருந்து தினமும் பார்க்கிறேன். வண்டி போனால் அவர்களுக்குப் பிழைப்பு போகும்.

2023 செப்டம்பரில் கூட்டம். இருபத்தாறு உரிமையாளர்கள் நேரிலோ, தமக்குப் பதிலாக வாக்களிக்க இன்னொருவருக்குக் கொடுக்கும் பிராக்ஸி மூலமாகவோ வந்திருந்தார்கள். இருபது வாக்கு வேண்டும். பத்தொன்பது விழுந்தது.

எதிர்த்த ஏழில் மூன்று, மாடி வீட்டு அக்காவுடையது. அவருடைய ஒன்றும், அவரிடம் இருந்த இரண்டு பிராக்ஸிகளும். ஒருவர் இரண்டு பிராக்ஸிக்கு மேல் வைத்திருக்க முடியாது. இல்லையென்றால் இன்னும் கூடியிருக்கும், அவ்வளவு பேருக்கு அவர்மேல் மதிப்பு. கணவரை இழந்து தனியாக இருப்பவர். அவர் வீட்டுச் சமையலறை கேட்டைப் பார்த்திருக்கிறது. ஜூலை இரவில் அந்த இரண்டு வண்டிகள் வந்து விளக்கணைத்து நின்றதை முதலில் பார்த்தவர் அவர்தான். ஆறு வாரம் சட்டத்தையும் டேப்பையும் வைத்துக்கொண்டு திரிந்தேனே, பத்துப் படி ஏறி அவரிடம் போய் உட்காரவில்லை.

மறுநாள் போனேன். தேநீர் கொடுத்தார். நெடுநேரம் வேறு எதையெதையோ பேசினோம். பிறகு அவரே சொன்னார்: "தங்கச்சி, எனக்குச் சத்தம் பிரச்சினையில்லை. எண்ணெயும் பிரச்சினையில்லை. விடியாத நேரத்தில் தலைக்கவசம் போட்ட ஓர் உருவம் கேட்டில் நிற்கும்போது எனக்குக் கை நடுங்குகிறது. அது உன் பையன்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

இதற்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. நான் பையனிடம் சொன்னேன், அவன் தானாகவே மேலே போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தான். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அடுத்த நாள் காலை ஐந்தே காலுக்கு அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டே கேட் வரை போனான். தலைக்கவசத்தைக் கழற்றி, மேலே பார்த்து, கையசைத்தான். மாடியில் விளக்கு எரிந்தது. அதன்பிறகுதான் கவசத்தை மாட்டிக்கொண்டு வெளியே போய் வண்டியைக் கிளப்பினான். தினமும் அப்படித்தான். மழைநாளிலும்.

மூன்று மாத அனுமதியை இரண்டு முறை நீட்டித்தார்கள். 2024 பிப்ரவரியில் மறுபடியும் கூட்டம். இருபத்தெட்டுப் பேரில் இருபத்து நாலு பேர் ஆதரவு. வீட்டின் பரப்பளவுக்கு ஏற்பக் கணக்கிடும் மதிப்பு வாக்கிலும் எழுபத்தைந்தைத் தாண்டியது. அக்கா தன் ஒரு வாக்கை ஆதரவாகப் போட்டார். அந்த முறை பிராக்ஸிகளை வாங்கிக்கொள்ளவில்லை, அவரவர் வந்து சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். எதிர்த்த நால்வரில் ஒருவர் எங்கள் தலைவர். சி.எஸ்.ஓ.எஸ். சான்றிதழ் வந்த அன்று அதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கோப்பிலும் ஒன்றைக் கேட்காவலர் அறைச் சுவரிலும் வைத்தேன்.

முக்கோணத்தில் இப்போது சிமெண்ட் பட்டை இருக்கிறது, மூன்று இரும்பு வளையங்கள் இருக்கின்றன. மூன்றிலும் வண்டிகள் நிற்கின்றன. ஒன்று என் தம்பி மகனுடையது. இரண்டாவது ஐந்தாம் வரிசை வீட்டு ஆசிரியருடையது. மூன்றாவது புதிதாகக் குடிவந்த பெண்ணின் ஸ்கூட்டர். போன வாரம் நான்காவதாக ஒருவர் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். பூந்தொட்டிகளைத் தள்ளி வைத்தால் இடம் வருமா என்று பார்க்க வேண்டும். சனிக்கிழமை காலை டேப்போடு போகிறேன், அக்காவும் வருகிறேன் என்றிருக்கிறார்.